ஒற்றைத் தும்மலும் அரக்கோணத்துக் கல்யாணமும்

புதிதாக இலாகாவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குக் கொடுத்திருக்கும் கருவியைப் பார்த்தேன். ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மணி. ஒளித்து வைத்த மாயம் பக்கத்தில் வந்தால் சிவப்பு எரிகிறது, இல்லாவிட்டால் பச்சை எரிகிறது. நல்ல சௌகரியம். நீங்கள் காலை நீட்டிக்கொண்டு பொரிகடலை தின்னலாம். ஆனால் விளக்கு எரிந்ததும் நீங்கள் மூளையை அணைத்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் கூப்பிட்டதும் வந்தேன். கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை. ஆம்பூர் ரயில் நிலையத்தில் நான் சோதனைக்காரியாக இருந்த காலத்தில் எனக்கு விளக்கும் இல்லை, மணியும் இல்லை. ஒரு மூக்கு இருந்தது.

சிரிக்காதீர்கள். மூக்கு என்றால் மூக்கேதான். ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளைத் தூண், அதன் உச்சியில் பலாக்காய் பருமனில் தோலால் தைத்த மூக்கு, அதற்கு இரண்டு துவாரம். சீமையிலிருந்து வந்த அசல் மூக்கு நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் வெடித்துப்போயிற்று. உள்ளூர் ஆட்டுத்தோலில் வேறொன்று தைத்து மாட்டினார்கள். கொஞ்சம் சப்பை மூக்கு, ஆனால் அசலைவிட நன்றாக வேலை செய்தது. ஊரை விட்டு ரயிலேறும் எல்லோரும் ஒவ்வொருவராக அதன் முன்னால் போக வேண்டும். மறைத்து வைத்த மாயம் எதுவும் வந்தால் மூக்கு தும்மும். தூணுக்குள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னவர்களுக்கும் தெரியாது.

ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மூக்கு கண்டுகொள்ளாது. போகிறவர்கள்மேல்தான் அதற்குக் கண். மாயம் ஏற்றிய தோல் சாமான்கள் எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்துதானே வெளியூருக்குக் கடத்தப்பட்டன! போலீஸ்காரரைக் கண்டால் தானாக ஓடும் பூட்ஸ், மாமியார் பேசும்போது மட்டும் காதை அடைக்கும் தொப்பி, சொந்தக்காரனைத் தவிர வேறு யார் திறந்தாலும் விரலைக் கடிக்கும் பெட்டி, இப்படி எத்தனையோ. இதில் பெரிய கூத்து என்னவென்றால், மோப்பம் பிடிக்கிற கருவியைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டி வாடை நேராக வந்து விழுகிற இடத்தில். பாவம், அதற்கு எப்போதும் ஜலதோஷம். காலையில் வந்ததும் என் முதல் வேலை அதற்கு மூக்குச் சிந்திவிடுவது.

சட்டம் சுருக்கமானது. மூக்கு ஒரு தடவை தும்மினால் சின்ன மாயம். சாமானைக் கழற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும், மாயம் செத்துவிடும், ஆள் போகலாம். தீங்கு இல்லாத மாயம் என்று சோதனைக்காரருக்குத் தோன்றினால் மேலதிகாரியின் சம்மதத்தோடு முக்காமலே திருப்பித் தரலாம். மேலதிகாரி பட்டணத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு முறை வருவார், அதனால் எல்லாமே தொட்டிக்குத்தான் போயின. இரண்டு தடவை தும்மினால் ஆளைக் கெடுக்கிற மாயம். ஆளைப் பிடித்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும்.

சீமையில் உட்கார்ந்து இதை எழுதிய மகராசன் நம் ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நமக்கு ஒற்றைத் தும்மல்தானே ஆகாது? இரட்டைத் தும்மல் நல்ல சகுனம் ஆயிற்றே! மூக்கு ஒரு தும்மல் போட்டால் போதும், பிளாட்பாரத்தில் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். கார்டு கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவரும் ஒரு வாய் குடிப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் கோயில் பாதிரியார் சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் செய்வார். நடுவில் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அந்தப் பிரசங்கத்தையும் தொடர்வார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் எஸ்தரின் கல்யாணம் வந்தது.

எஸ்தர், தோல் ஷாப்பில் வேலை செய்த தாவீதின் ஒரே மகள். தாய் இல்லாத பெண். மாப்பிள்ளை சாமுவேல், அரக்கோணத்தில் ரயில் இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். மறுநாள் காலையில் அரக்கோணத்துக் கோயிலில் கல்யாணம். பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளையின் தாய்மாமனும் நாலைந்து பெண்களும் காலை ரயிலில் வந்திருந்தார்கள். மாமன் வண்டியை விட்டு இறங்கியதை நான் பார்த்தேன். முதலில் அவருடைய தொப்பை இறங்கியது, கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கினார். அத்தனை பெரிய தொப்பை.

அன்றைக்குப் பார்த்து பட்டணத்திலிருந்து மேலதிகாரியான இன்ஸ்பெக்டரும் வருஷாந்தரச் சோதனைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியான வண்டிக்கு எல்லோரும் வந்தார்கள். மணப்பெண் முதலில் போவதுதான் வழக்கம் என்று எஸ்தரை முன்னே விட்டார்கள். பெண் தலைகுனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது என்று குருடனுக்குக்கூடத் தெரியும். மூக்கின் எதிரே வந்தாள்.

“அச்சூ!”

ஒன்று. ஒன்றே ஒன்று. நான் மூக்கைப் பார்த்தேன், ஊரே மூக்கைப் பார்த்தது. ‘இன்னொன்று போடேன், ராசா’ என்று எல்லோரும் மனசுக்குள் கெஞ்சியது எனக்குக் கேட்டது. அது ஒரு தடவை உறிஞ்சிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

மாமன் அங்கேயே, சோதனை வாசலுக்கு வெளியே, தன் டிரங்குப் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இன்னாய்யா இது? பொண்ணு கெளம்பும்போதே ஒத்தத் தும்மலா? இது வெளங்குமா? நான் எழுந்திரிக்க மாட்டேன். பொண்ணு வோணாம், ஒண்ணும் வோணாம். நாங்க வந்த வழியே போறோம்.”

தாவீது அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “மாமா, அது மெசினு மாமா. அதுக்கு எப்பவும் சளி. அதப் போயி...”

“சளியா இருந்தா இன்னா? தும்மல் தும்மல்தானே!”

ரயிலடி வரைக்கும் வந்து திரும்பிப்போன மணப்பெண்ணை அந்தக் காலத்தில் வேறு யார் வந்து கட்டுவார்கள்? ஆனாலும் வேலை வேலைதானே. எஸ்தரைப் பெண்கள் சோதனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். செங்கல் சுவர் வைத்துக் கட்டிய அறை. மூக்கால் செங்கல்லைத் தாண்டி மோப்பம் பிடிக்க முடியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளையல், சங்கிலி, தலைப்பூ எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் காலில் கிடந்த செருப்பைக் கழற்றச் சொன்னேன். புத்தம்புதுச் செருப்பு, அழகான தையல்.

“எங்க நைனா தெச்சதுக்கா” என்றாள்.

செருப்பைக் கதவைப் பார்த்து வைத்தேன். இரண்டும் மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றன. மறுபடி கதவைப் பார்த்து வைத்தேன். மறுபடி திரும்பின. அந்தச் சுவருக்கு அப்பால் தாவீதின் வீடு இருக்கும் தெரு. “போட்டுக்கினு நில்லு” என்றேன். போட்டுக்கொண்டாள், ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மாமனின் குரல் பெரிதாகக் கேட்டது. பெண்ணுக்குக் கண்ணில் நீர் முட்டி ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான், செருப்பு கிளம்பிவிட்டது. அவளையும் இழுத்துக்கொண்டு நேராகச் சுவரில் போய் முட்டி, பின்னால் வந்து, மறுபடி முட்டியது.

“அக்கா! அக்கா! நிக்க மாட்டேங்குதுக்கா!”

“அழாதடி! நீ அழுதா அது நடக்குது!”

தானே சுவரில் முட்டிக்கொண்டிருப்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பு நின்றது. அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதில் ஏற்றியிருப்பது என்ன மாயம் என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அழுதால் அப்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடும் செருப்பு. இதை உப்புத் தொட்டியில் முக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

“அச்சூ!”

கூடவே ஒரே ஆரவாரம். கதவைத் திறந்து பார்த்தேன். மாமன் எழுந்து மூக்குக்குக் கீழேயே நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். “ரெட்டத் தும்மல்! ரெட்டத் தும்மல்! அப்படிப் போடு! ஏறுங்க, ஏறுங்க, வண்டில ஏறுங்க!” தாவீது வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கார்டு கொடியைப் பிரித்தார்.

தூணுக்குப் பின்னால் நின்ற போர்ட்டர் சின்னப்பன் மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் விரல் நுனியில் மூக்குப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷன், ஒரு கல்யாணம் நிற்கக்கூடாது என்று தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்குக்கு ஏற்றிவிட்டிருக்கிறான். இந்த உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது இந்தப் புத்தி வருமா?

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். “இரண்டு தும்மல். அந்தப் பெண்ணைப் பிடித்து வையுங்கள். வேலூருக்கு அனுப்ப வேண்டும்.”

ஆரவாரம் அப்படியே நின்றது. சின்னப்பன் முகம் வெளுத்துவிட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்துப் பாருங்கள். பொடியால் வந்த தும்மல் என்று உண்மையைச் சொன்னால் கணக்கு ஒற்றைத் தும்மல் ஆகிவிடும். மாமன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், கல்யாணம் நின்றுவிடும். சொல்லாமல் இருந்தால் இரட்டைத் தும்மல். கல்யாணப் பெண் வேலூர் ஜெயிலில் போய் உட்கார வேண்டும். இந்தப் பக்கம் வண்டி ஊதுகிறது, அந்தப் பக்கம் அதிகாரி முறைக்கிறார். ‘ஆண்டவரே, இது என்ன பேஜார்’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சொல்லிக்கொண்டே மாமனைப் பார்த்தேன். பார்த்தவள் பார்த்தபடி நின்றேன். தொப்பையைக் காணோம். காலையில் அவருக்கு முன்னால் இறங்கிய தொப்பை மத்தியானம் எங்கே போயிற்று? சட்டை பலகை மாதிரி தட்டையாக இருந்தது. இடுப்பில் பளபளவென்று புது பெல்ட்.

என் உசிர் திரும்பி வந்தது. மூக்கு தும்மியது பொடிக்கா பெல்ட்டுக்கா என்று அதற்குத்தான் வெளிச்சம்.

“ஐயா,” என்றேன் இன்ஸ்பெக்டரிடம், “ரெண்டாவது தும்மல் வந்தப்போ பொண்ணு என்கூட செங்கல் ரூம்ல இருந்துதுங்க. மூக்கு செங்கல்லைத் தாண்டி மோப்பம் புடிக்காதுன்னு ரூல்ஸ்லயே இருக்குது. அப்போ அந்தத் தும்மல் பொண்ணுக்கு வந்தது இல்ல. மூக்குக்குக் கீழ யாரு நின்னாங்களோ அவங்களுக்கு வந்தது.”

எல்லோரும் மாமனைப் பார்த்தார்கள்.

“நானா? நான் இன்னா பண்ணேன்?”

“பெல்ட்டைக் கழட்டுங்க.”

“பெல்ட்டா? அது எதுக்கும்மா? நான் கழட்ட மாட்டேன்.”

“கழட்டலன்னா நீங்கதான் வேலூருக்குப் போவணும்.”

கழற்றினார். உள்ளே அடைபட்டுக் கிடந்த தொப்பை விடுதலையாகி வெளியே வந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று பறந்துபோய் இன்ஸ்பெக்டரின் தொப்பியில் பட்டது. கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கார்டு கொடியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

“காலைல பஜார்ல வாங்கனேம்மா” என்றார் மாமன், அழாத குறையாக. “நாளைக்குக் கல்யாணத்துல போட்டோ புடிக்கிறாங்க. எங்க வூட்ல இதான் மொத போட்டோ. தொப்பையோட நின்னா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு.”

“அப்போ ஒத்தத் தும்மல் சரக்கு ரெண்டு இருக்குது” என்றேன் சத்தமாக. “பொண்ணோட செருப்பு ஒண்ணு, உங்க பெல்ட்டு ஒண்ணு. ரூல்ஸ்படி ரெண்டும் தொட்டிக்குப் போவும். இல்லன்னா, தீங்கு இல்லாததுன்னு ஐயா சம்மதம் சொன்னா ரெண்டும் திரும்பி வரும். ஒண்ணை வுட்டுட்டு ஒண்ணைப் புடிக்க முடியாது.”

மாமன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். “ஐயா, பாவம் ஐயா, சின்னப் பொண்ணு! கல்யாணத்துக்குப் போற பொண்ணோட செருப்பைப் போயி தண்ணில முக்கலாமா? மனசு கேக்குதா?”

கேட்டீர்களா! சற்று முன்னால் பெண்ணே வேண்டாம் என்று பெட்டிமேல் உட்கார்ந்த அதே ஆள்தான்.

“அந்தச் செருப்பில் என்ன மாயம்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் அவரையும் தாவீதையும் அறைப்பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தாவீதைப் பார்த்து, “ஏனய்யா இப்படிச் செய்தாய்?” என்றார்.

தாவீது கையைப் பிசைந்தான். “அவ வாயைத் தொறந்து சொல்ற பொண்ணு இல்லைங்க ஐயா. பல்லு வலின்னாக்கூட மூஞ்சி வீங்கனப்புறம்தான் எனக்குத் தெரியும். அங்க போயி எதுனா கஷ்டம்னா சொல்ல மாட்டா. உள்ளயே வெச்சிக்குவா. அதான், யாரையும் கேக்காம அதுவே இட்டுக்கினு வந்துடட்டும்னு...”

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டப்புத்தகத்துக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரியான மனுஷர் அவர். “தீங்கு இல்லை. இரண்டையும் திருப்பிக் கொடுங்கள்” என்றார். பிறகு தாவீதின் காதோரம் குனிந்து, “என் பெண்ணைக் கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறேன். அவள் பாதம் இதைவிடச் சின்னது” என்றார். நான் காதில் விழாத மாதிரி மூக்கைத் துடைக்கப் போனேன்.

வண்டி கிளம்பியது. மாமன் தட்டை வயிற்றோடு ஏறினார், எஸ்தர் செருப்போடு ஏறினாள். சின்னப்பன் என்னிடம் வந்து, “அக்கா, சத்தியமா இனிமே பொடியே போட மாட்டேன்” என்றான். சாயங்காலமே போட்டான்.

இதற்குப் பிறகு தாவீது பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அரக்கோணத்து வண்டி வரும் நேரமெல்லாம் அவனுக்கு வேலை ஓடாது. தோல் ஷாப்பில் சாக்குச் சொல்லிவிட்டு வந்து பிளாட்பாரத்தில் நிற்பான். முகத்தைப் பார்க்க மாட்டான், இறங்குகிறவர்களின் காலையே பார்ப்பான். அந்தச் செருப்பு வரவில்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவான். “வந்தாலும் பயம், வரலன்னாலும் பயம்க்கா. செருப்பு ரிப்பேராயி இருந்தா?” என்று ஒரு நாள் கேட்டான். அவனே தைத்தது, அவனே நம்பவில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் போலிருக்கும். தாவீது காய்ச்சலில் படுத்து வராத ஒரு நாளில் அந்தச் செருப்பு வந்தது.

கூட்டத்துக்குள் நான்தான் முதலில் பார்த்தேன். அதே தையல். ‘ஐயோ, எஸ்தர், உனக்கு என்னடி ஆச்சு’ என்று நினைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால், செருப்புக்கு மேலே மயிர் அடர்ந்த முரட்டுக் கால். அதற்கு மேலே மடித்துக் கட்டிய லுங்கி. லுங்கி மடியில் ஏதோ கனமாக. அதற்கு மேலே கண்ணெல்லாம் சிவந்து, மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டு மாப்பிள்ளை சாமுவேல்! பாதி குதிகால் செருப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா தம்பி இது?”

“எனக்குத் தெரியலக்கா! நிக்க மாட்டேங்குது! டேசனுக்கு இழுத்துக்கினு வந்து, வண்டில ஏத்தி, இங்க எறக்கிடுச்சி! டிக்கெட்டுகூட எடுக்கல!” சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டான். நான் மூக்கைச் சின்னப்பனிடம் ஒப்படைத்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடினேன்.

செருப்பு தாவீதின் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது. சத்தம் கேட்டுத் தாவீது போர்வையோடு எழுந்து வந்தான். வழக்கம்போல் முதலில் காலைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். அப்புறம்தான் நிமிர்ந்தான்.

“நீயா? எம் பொண்ணு எங்கடா? அவளுக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல மாமா. வூட்ல தூங்குறா.”

“அப்போ நீ எதுக்குடா அழுத?”

சாமுவேல் லுங்கி மடியைப் பிரித்துக் காட்டினான். உள்ளே பாதி உரித்ததும் உரிக்காததுமாகச் சின்ன வெங்காயம்.

“அவ முழுகாம இருக்கறா மாமா. வெங்காய வாசன ஆவல, வாந்தி எடுக்கறா. ஆனா வெங்காயக் கொழம்புதான் வோணும்ங்கறா. அதான் அவ தூங்கறப்போ பொழக்கடைல குந்தி உரிக்கலாம்னு... ஒரே முள்ளு, அவசரத்துல அவ செருப்பைப் போட்டுக்கினேன்.” அவன் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். “முழிச்சிப் பாத்தான்னா தேடுவா மாமா. நான் அடுத்த வண்டிக்குப் போவணும்.”

தாவீது மருமகன் காலடியில் உட்கார்ந்து அந்தச் செருப்பைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்தான். ஒரு முறத்தை எடுத்து வந்து வெங்காயத்தை அதில் கொட்டினான். பிறகு போர்வையை உதறிப் போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். எனக்கும் ஒரு பிடி தள்ளினான்.

அடுத்த வண்டி வருவதற்குள் மூன்று பேரும் உரித்து முடித்தோம். தாவீதின் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. “வெங்காயம் காரம் ஜாஸ்தி” என்றான். “ஆமாம், ரொம்ப ஜாஸ்தி” என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.